ஒளியே பொருளாக: நொகுச்சியின் அக்காரி விளக்குகள்

1

சிற்பம் என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம் நெஞ்சில் எழுவன கல்லும் செம்பும் மரமும் சுதையுமே ஆம். நம் நிகண்டு நூலார் சிற்பத் தொழிற்கு உறுப்பாகும் பொருள்களைப் பத்து என எண்ணி வைத்தனர். கல், உலோகம், மரம், மண், தந்தம், மெழுகு முதலியன அவ்வெண்ணிக்கையுள் அடங்கும். தாள் அதனுள் இல்லை, ஒளியும் இல்லை. இஃது இயல்பே. ஒளி சிற்பத்தைக் காட்டுவது. தானே சிற்பம் ஆவதன்று என்பது முன்னையோர் கொள்கை. கருவறையில் சுடர் ஏந்தப்படும்போது படிமம் புலனாகிறது. சுடர் அகன்ற பின்னரும் படிமம் இருந்தவாறே இருளில் இருக்கிறது. காட்டுவது வேறு, காட்டப்படுவது வேறு.

இவ்விரண்டையும் ஒன்றாக்க முயன்ற ஒருவரின் படைப்பை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவர் இசாமு நொகுச்சி (1904–1988). ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த சிற்பி. 1951-ஆம் ஆண்டு தொடங்கித் தம் இறுதிக்காலம் வரை அவர் நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் அமைத்த தாள் விளக்குகள் ‘அக்காரி’ என வழங்கும். ஜப்பானிய மொழியில் இச்சொல் ஒளி என்னும் பொருளது. அதனை எழுதும் எழுத்தில் ஞாயிற்றின் வடிவும் திங்களின் வடிவும் இணைந்து நிற்கின்றன. எடையின்மை என்னும் குறிப்பையும் நொகுச்சி அப்பெயரில் ஏற்றிக் கூறுவார்.

1986-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்து ஈராண்டுக் கலைக்காட்சியில் அமெரிக்க நாட்டின் மண்டபம் நொகுச்சிக்கு உரியதாயிற்று. அவர் தம் காட்சிக்கு ‘சிற்பம் என்றால் என்ன?’ என்னும் வினாவையே பெயராக இட்டார். வெண்சலவைக் கல்லாலாகிய பெரியதொரு சறுக்குமேடையோடு தாள் விளக்குகளையும் அங்கு வைத்தார். வீட்டில் தொங்கும் விளக்கிற்குச் சிற்ப மண்டபத்தில் என்ன வேலை என்று முகஞ்சுளித்தோர் உளர். அம்முகச்சுளிப்பு ஆராயத்தக்கது. அதனுள் இரண்டு வினாக்கள் மறைந்துள்ளன. அக்காரி சிற்பம் ஆகுமா என்பது ஒன்று. ஆகுமெனின், அஃது யார் செய்த சிற்பம் என்பது மற்றொன்று. முதல் வினாவைப் பலர் எழுப்பினர். இரண்டாவதே ஆழமுடையது என்பது எம் கருத்து.

2

விளக்குகளை நோக்குமுன் அவற்றிற்கு வழிவகுத்த வாழ்க்கையைச் சுருங்கக் காண்டல் வேண்டும். நொகுச்சியின் தந்தையார் யோனே நொகுச்சி ஆங்கிலத்திலும் பாடல் இயற்றிய கவிஞர். 1938-ஆம் ஆண்டில் சீனப் போர் குறித்துத் தாகூரோடு மடல்வழி வழக்கிட்டவர் என்ற அளவில் இந்தியர்க்கும் அறிமுகமானவர். தாயார் லியோனி கில்மர் அமெரிக்க எழுத்தாளர். மகன் இளமையை ஜப்பானில் கழித்து, 1918-இல் பதின்மூன்றாம் அகவையில் தனியே அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டார். 1927-இல் பாரிஸ் சென்று பிராங்கூசி என்னும் பெருஞ்சிற்பியின் பணிக்கூடத்தில் உதவியாளராக இருந்தார். கல்லின் இயல்பறிந்து அதற்கு இணங்க உளி செலுத்தும் பயிற்சி அங்கு வாய்த்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். நொகுச்சி நியூயார்க்கில் வாழ்ந்தமையின் அவ்வாணை அவரைத் தொடவில்லை. எனினும் 1942-இல் அவர் தாமே விரும்பி அரிசோனாப் பாலைநிலத்துப் போஸ்டன் முகாமிற்குள் சென்றார். பூங்காவும் பொதுவிடமும் அமைத்து அங்குள்ளோர்க்கு உதவலாம் என எண்ணினார். எண்ணியது கைகூடவில்லை. விரும்பிப் புகுந்தவர் விரும்பியவாறு வெளியேறவும் இயலவில்லை. அவ்வாண்டின் இறுதிப் பகுதியிலேயே விடை கிடைத்தது.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் ‘திங்கள்’ என்னும் பெயர்த் தொடர்பில் சில புடைப்புச் சிற்பங்களைச் செய்தார். மக்னசைட்டு என்னும் சுண்ணம் போன்ற பொருளால் மேடும் பள்ளமுமாய் நிலப்பரப்பு ஒன்றை அமைத்து, அதன் குழிகளுள் மின்விளக்குகளை மறைத்து வைத்தார். ஒளி எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. நிலமே ஒளிர்வது போலத் தோன்றும். ஒளியைச் சிற்பத்தின் உள்ளுறுப்பாக்கும் எண்ணம் இங்கே தெளிவாக உருப்பெறுகிறது. ஆயினும் இவற்றில் ஒரு குறை உண்டு. பொருள் கனமானது, ஒளியை விடாதது. ஆகவே ஒளி குழியில் தேங்கி நின்றதேயன்றிப் பொருளோடு கலக்கவில்லை. ஒளியும் பொருளும் அயலார் போல் ஒரே வீட்டில் தங்கின. ஒளி ஊடுருவும் மெய்யொன்று சிற்பிக்குத் தேவைப்பட்டது. அதனை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பழைய கைத்தொழில் ஒன்றினிடம் பெற்றார்.

3

ஜப்பானின் நடுப்பகுதியில் நகரா ஆற்றங்கரையில் உள்ளது கிபு நகரம். அவ்வாற்றில் நீர்க்காகங்களைப் பழக்கி மீன் பிடிக்கும் தொழில் நெடுங்காலமாக நிகழ்வது. இரவில் படகின் முன்புறத்தில் இரும்புக் கூடையில் தீ வளர்த்து, அவ்வொளியில் பறவைகளை நீரில் விடுவர். மூங்கிலும் தாளும் அண்மையிற் கிடைத்தமையின் அந்நகரில் தாள் விளக்குத் தொழில் வேரூன்றியது. அப்பகுதியைச் சார்ந்த மினோ என்னும் ஊர் பன்னூறு ஆண்டுகளாகத் தாள் செய்தலில் பெயர் பெற்றது. அவ்வூர்த் தாள்வினை 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம் பெற்றது. கிபு விளக்குகள் மெல்லியன. பூவும் கொடியும் புள்ளும் தீட்டப்பெற்றன. இறந்த முன்னோரை வரவேற்கும் போன் விழாவில் சிறப்பாக ஏற்றப்படுவன.

1945 சூலைத் திங்களில் கிபு நகரம் வான்குண்டுகளால் எரிந்தது. போருக்குப் பின்னர் விளக்குத் தொழில் நலிவுற்றது. 1951-இல் நொகுச்சி ஹிரோஷிமாவிற்குச் செல்லும் வழியில் நீர்க்காக மீன்பிடியைக் காணக் கிபுவில் தங்கினார். அணுகுண்டால் அழிந்த அந்நகரின் அமைதிப் பூங்காவை அடுத்த இரு பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர் அமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கிபு நகரத் தலைவர் அவரைக் கண்டு, நலிந்த விளக்குத் தொழிற்கு உதவுமாறு வேண்டினார். 1891-இல் தோன்றிய ஓசெகி நிறுவனத்தின் தொழிற்கூடத்தில் அவர் கைவினைஞரின் செய்முறையை நேரிற் கண்டார். முதல் வடிவங்கள் விரைவில் எழுந்தன. அன்று தொடங்கிய உறவு அவர் வாழ்நாள் முழுதும் நீடித்தது. அந்நிறுவனமே இன்றளவும் அவ்விளக்குகளைச் செய்து வருகிறது.

செய்முறையை அறியாது படைப்பை மதிப்பிடல் ஒல்லாது. மெல்லிய மரப்பலகைகளை ஆரம் போல் நிறுத்தி, விளக்கின் வடிவிற்கு ஒத்த உட்கரு ஒன்றைப் பூட்டி அமைப்பர். பலகைகளின் விளிம்பில் சிறு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். நூல்போல் சீவிய மூங்கிற்சிம்பை அப்பள்ளங்களின் வழியே சுற்றிக் கொண்டு வருவர். கோசோ என்னும் முசுக்கட்டை இனத்து மரத்தின் உட்பட்டையிலிருந்து கையால் செய்த தாளை வடிவிற்கேற்ற கீற்றுகளாக அரிந்து, பசையிட்டு மூங்கிலின்மேல் ஒட்டுவர். கீற்றின் ஓரம் அடுத்த கீற்றின்மேல் சிறிதே படிந்திருக்கும். பசை உலர்ந்த பின்னர், உள்ளிருக்கும் உட்கருவைப் பலகை பலகையாகப் பிரித்து வாய்வழியே எடுத்துவிடுவர். எஞ்சுவது தாளும் மூங்கிலும் வெற்றிடமுமே. அதனை அழுத்தினால் மடிந்து தட்டையாகும். இழுத்தால் மீண்டும் எழும்.

கற்சிற்பி வேண்டாதவற்றைப் புறத்திலிருந்து நீக்கி உருவத்தைக் காண்கிறான். விளக்குத் தொழிலாளியோ உருவத்தைப் புறத்தே அமைத்து, பின்னர் உள்ளிருப்பதை நீக்குகிறான். இரண்டும் நீக்கலே; திசைதான் வேறு. பிராங்கூசியிடம் பயின்ற ஒருவர் இத்தொழிலில் தம் கலைக்கு உறவைக் கண்டுகொண்டது தற்செயல் அன்று என்று கொள்ள இஃது இடந்தருகிறது.

4

பழைய கிபு விளக்கினை நொகுச்சி நான்கு வகையில் மாற்றினார். மெழுகுதிரியின் இடத்தில் மின்விளக்கை வைத்தார். மேலும் கீழும் இருந்த மரவளையங்களை நீக்கி, உள்ளே மெல்லிய கம்பிச் சட்டம் ஒன்றை நிறுத்தித் தாளை விரித்துப் பிடிக்கச் செய்தார். முட்டை வடிவும் உருண்டையுமாக வழங்கியவற்றைத் தட்டாகவும் தூணாகவும் அடுக்காகவும் விரித்தார். மூங்கிலை ஒழுங்கின்றிச் சுற்றும் முறையையும் சிலவற்றில் கையாண்டார். நான்காவதாக, தாளின்மேல் தீட்டப்பெற்ற ஓவியத்தை அறவே விலக்கினார்.

இவற்றுள் முதலாவதும் நான்காவதும் ஒன்றையொன்று சார்ந்தவை. அச்சார்பே அக்காரியின் உயிர் என்பது எம் துணிபு. அதனை விளக்குவோம்.

மெழுகுதிரியின் ஒளி சிறிது, காற்றில் அசைவது. அவ்வொளியில் தாளின் மேலுள்ள ஓவியம் மின்னி மறையும். காண்போன் கண் ஓவியத்தில் பதியும். தாளும் மூங்கிலும் ஓவியத்தைத் தாங்கும் களமாகவே நிற்கும். மின்னொளி வலியது, அசையாதது. ஓவியம் தீட்டிய தாளின் பின்னே அதனை வைத்தால், மேற்பரப்பின் வண்ணத்தோடு அது பொருந்தாது முரணும். ஓவியம் நீங்கிய வெற்றுத்தாளின் பின்னே வைத்தாலோ வேறொன்று நிகழ்கிறது. கோசோத் தாளின் நார்கள் நீண்டவை. ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அவை ஒளியைத் தடுத்தும் விடுத்தும் சிதறச் செய்கின்றன. கூசும் புள்ளியொளி பரப்பொளி ஆகிறது. நார் செறிந்த இடம் சற்றே மங்குகிறது. நெகிழ்ந்த இடம் விளங்குகிறது. இரு கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஓரம் மெல்லிய நிழற்கோடாகத் தெரிகிறது. மூங்கிற்சிம்பு உள்ளிருந்து வரையப்பெற்ற கோடு போலச் சுற்றி வருகிறது.

இக்கோடுகள் யாவை? கையின் சுவடுகளே. ஒரு கீற்று ஒரு மயிரிழை அகன்று படிந்திருந்தால் விளக்கு அதனைக் காட்டும். சிம்பின் இடைவெளி ஓரிடத்தில் நெகிழ்ந்திருந்தால் அதனையும் காட்டும். விளக்கு அணைந்திருக்கையில் வெண்மை ஒன்றே தெரிகிறது. ஏற்றிய பின்னரே கைத்திறம் வெளிப்படுகிறது. பொறியும் மின்னும் வந்தால் கைவினை மறையும் என்பது பொதுவாக நாம் கேட்கும் அச்சம். இங்கே மின்னொளி கைவினையை மறைக்கவில்லை. மெழுகுதிரி காட்டாதவற்றையும் காட்டுகிறது. புதுமை பழமைக்குச் சான்று கூறுகிறது. கைவினையையும் தொழில்நுட்பத்தையும் இணைத்தோம் என்று கூறிக்கொள்ளும் படைப்புகள் பல. இரண்டும் அருகருகே வைக்கப்பட்டிருத்தல் இணைப்பு ஆகாது. ஒன்று மற்றொன்றின் இயல்பைப் புலப்படுத்துமாயின் அதுவே இணைப்பு. இவ்வளவுகோலால் அளந்தால் ‘திங்கள்’ புடைப்புகள் குறைபடும், அக்காரி நிறைவுறும்.

5

இனி, அக்காரி சிற்பம் அன்று என்பார் கூறும் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை காண்போம்.

முதல் தடை: சிற்பம் நிலைத்திருத்தல் வேண்டும், தாள் கிழியும், மஞ்சளிக்கும், தீப்பற்றும் என்பது. நிலைபேறு சிற்பத்தின் சிறப்பாதல் கூடும். அதன் இலக்கணம் ஆகாது. நம் நிகண்டு நூலார் மெழுகையும் சிற்பப் பொருளாக எண்ணினர் என்பதை மேலே கண்டோம். உருகும் மெழுகு சிற்பத்திற்கு உரியதாயின், கிழியும் தாள் உரியதாகாமைக்குக் காரணம் இல்லை.

இரண்டாம் தடை: சிற்பம் ஒன்றே ஒன்றாய் இருத்தல் வேண்டும், ஒரே வடிவில் பல செய்யப்படுவது பண்டம் என்பது. வார்ப்புச் சிற்பங்கள் ஒரே அச்சிலிருந்து பல எடுக்கப்படுதலை யாவரும் ஒப்புவர். அக்காரியிலோ ஒரே உட்கருவின்மேல் செய்யப்பட்ட இரண்டு விளக்குகளும் தாளின் நாராலும் ஒட்டிய கையாலும் வேறுபடும். ஆதலின் இத்தடையும் நில்லாது.

மூன்றாம் தடை: பயன்படு பொருள் கலையாகாது என்பது. இதுவே வலிமையுடையது. விளக்கின் தொழில் ஒளி தருவது. அத்தொழில் செய்வதாலேயே அது விளக்கு எனப்படுகிறது. அதற்கு மேல் சிற்பம் என ஒரு பெயர் எதற்கு என வினவலாம். இதற்கு விடை காண நம் பழம்பாடல்களில் வரும் விளக்குகள் துணை செய்யும். நெடுநல்வாடையில் அரசியின் மனையில் யவனர் செய்த பாவை ஒன்று தன் கையில் அகல் ஏந்தி நிற்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் யவனரின் ஓதிம விளக்கு, அன்னத்தின் வடிவுடையது, பேசப்படுகிறது. இவ்விடங்களில் பாவையும் அன்னமும் சிற்பம். சுடர் அவற்றின் சுமை. சுடரை எடுத்துவிட்டாலும் பாவை பாவையே, அன்னம் அன்னமே. பயனும் கலையும் அங்கே ஒட்டி நிற்கின்றன, ஒன்றாகவில்லை. அக்காரியில் ஒளியை எடுத்துவிட்டால் எஞ்சுவது சிற்பத்தின் பாதியே. வடிவம் எங்கே முடிகிறது, ஒளி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட இயலாது. ஒளி தருதல் என்னும் பயனே அதன் உருவத்திற்குப் பொருளாக அமைகிறது. ஆகவே பயனால் அது சிற்பத்தன்மை இழக்கவில்லை, பயனாலேயே சிற்பமாகிறது.

இவற்றோடு யாம் ஒன்று சேர்ப்போம். ஹிரோஷிமாவில் நொகுச்சியின் பாலக் கைப்பிடிகள் 1952-இல் நிறைவேறின. அங்கு இறந்தோர்க்கு நினைவுச்சின்னம் ஒன்றும் அவர் வரைந்து கொடுத்தார். அதே ஆண்டில் அது மறுக்கப்பட்டது. குண்டெறிந்த நாட்டின் குடிமகன் அவர் என்பது அம்மறுப்பிற்குக் காரணமாகக் கூறப்படுவது. கல்லாலான நினைவுச்சின்னத்தை ஏற்காத நாடு, அவரது தாள் விளக்கை ஏற்றது. இறந்தோர் நினைவிற்கு ஏற்றிய மரபில் வந்த விளக்கு அது என்பதையும் இங்கே நினைத்தல் தகும். நினைவுச்சின்னத்தில் அவர் அந்நியராய் நின்றார். கிபுவின் தொழிற்கூடத்தில் அந்நியர் ஆகவில்லை. இதனை அவர் வெற்றி தோல்வியாகக் கணக்கிடுதல் பிழை. பெருஞ்சொல்லுக்கு உரிமை கேட்குமிடத்தில் நாடும் குருதியும் வினவப்படுகின்றன. தொழிலுக்குள் புகுமிடத்தில் கை ஒன்றே வினவப்படுகிறது.

6

அக்காரி அனைத்தையும் ஒருபடித்தாகப் புகழ்வது திறனாய்வு ஆகாது. அவற்றுள் ஏற்றத்தாழ்வு உண்டு. உருண்டையும், அழுந்திய தட்டுருண்டையும், மெல்லென நெளிந்து உயரும் தூணும் தலைசிறந்தவை. மூங்கில் வளைய விரும்பும் பொருள். தாள் அவ்வளைவைப் பற்றிக்கொண்டு விரிய விரும்புவது. இவ்விருப்பத்திற்கு இணங்கிய வடிவங்களில் செயற்கை தோன்றுவதில்லை. கனசதுரமும் கூர்மூலைகளும் உடைய வடிவங்களோ அத்துணை இயல்பாக அமையவில்லை. அங்கே தாள் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய திரை போலாகிறது. சிற்பியின் வரைபடம் முன்னிற்கப் பொருள் பின்னடைகிறது. மூங்கிலை ஒழுங்கின்றிச் சுற்றிய வடிவங்களில் சில உயிர்ப்புடையன. சில, கையின் இயல்பான பிறழ்ச்சியைக் காட்டுவதை விட்டுப் பிறழ்ச்சியைத் திட்டமிட்டுச் செய்தது போல் தோன்றுகின்றன. திட்டமிட்ட பிறழ்ச்சி அணியாகலாம்; இயல்பாகாது.

இவ்வகைக் கலையின் வேறொரு கிளையோடு ஒப்பிடுதல் நலம் பயக்கும். ஜப்பானின் வடபகுதியில் அவோமோரி நகரில் ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களில் நெபுதா விழா நிகழ்கிறது. வீரரும் பூதங்களுமாகிய பேருருவங்களைத் தாளால் செய்து, வண்ணந்தீட்டி, உள்ளே விளக்கேற்றித் தெருவில் இழுத்துவருவர். முன்னாளில் சட்டம் மூங்கில், ஒளி மெழுகுதிரி. பின்னாளில் சட்டம் கம்பியாயிற்று, ஒளி மின்னாயிற்று. 1980-இல் அந்நாட்டரசு இவ்விழாவை முக்கிய நாட்டார் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. இங்கே ஓவியம் நீங்கவில்லை. கம்பி வந்ததால் கைகால் விரல்கள் வரை நுணுக்கமாக வளைக்க முடிந்தது. மின் வந்ததால் வண்ணம் ஓங்கிற்று. உருவம் ஊர்வலம் சென்று, விழா முடிந்தபின் பெரும்பாலும் கலைக்கப்படும்.

நெபுதா மின்னொளியைக் கதைக்குப் பணி செய்ய வைத்தது. அக்காரி கதையை விலக்கி ஒளியைத் தனியே நிறுத்தியது. இரண்டும் நேரிய வழிகளே. ஆயினும் ஓவியத்தை விலக்கியதே புதுமைக்கு ஒரே வழி என்று அக்காரியைப் போற்றுவோர் கூறுவது மிகை என்பதை நெபுதா காட்டுகிறது. கிபுவிலும் ஓவிய விளக்குகள் அழிந்துபோகவில்லை. போன் விழாவிற்கு அவை இன்றும் செய்யப்படுகின்றன.

7

இப்போது இரண்டாம் வினாவிற்கு வருவோம். அக்காரி யார் செய்த சிற்பம்?

வடிவம் நொகுச்சியுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் யாம் மேலே அக்காரியின் உயிர் எனக் கூறியது வடிவத்தை மட்டும் அன்று. ஒளி காட்டும் கீற்றின் ஓரமும் சிம்பின் சுற்றுமே அவ்வுயிர். அவற்றைச் செய்தது நொகுச்சியின் கை அன்று. மூங்கில் சீவியவர், தாள் வார்த்தவர், கீற்று அரிந்தவர், ஒட்டியவர், உட்கருவைப் பிரித்தெடுத்தவர் ஆகிய பலர் அதனுள் உளர். விளக்கின்மேல் ஞாயிறும் திங்களுமாகிய முத்திரை உண்டு. ஒட்டிய கைக்குரியவரின் பெயர் இல்லை. எந்த ஒளி அவர் கையின் சுவட்டை இத்துணைத் தெளிவாகக் காட்டுகிறதோ, அதே ஒளியில் அவர் பெயர் தெரியவில்லை. அக்காரியின் பெருமையும் அதன் கடனும் இம்முரணிலேயே தங்கியுள்ளன.

கற்சிற்பத்திலும் உதவியாளர் உளர் எனச் சிலர் விடை கூறலாம். அஃது உண்மை. எனினும் அங்கே இறுதி உளியும் மெருகும் சிற்பியின் கையாலோ கண்பார்வையிலோ நிகழ்வன. அக்காரியிலோ சிற்பி மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகட்கு மேலாகியும் புதிய விளக்குகள் பிறக்கின்றன. சிற்பி இன்றியும் தொழில் நடைபெறும். தொழிலாளி இன்றி ஒரு விளக்கும் பிறவாது. இசைக்குப் பண்ணமைத்தவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் எனக் கொள்வதுபோல் இங்கும் கொள்ளலாம். பண்ணமைத்தவர் பெயரை வாழ்த்துகையில் பாடுபவரை மறப்பது இசையுலகில் இல்லை. கைவினையுலகில் அது வழக்கமாகிவிட்டது.

மேலே கண்ட பழம்பாடல்களை மீண்டும் நோக்குக. பாவை விளக்கைக் கண்ட புலவர், அதன் அழகைக் கூறியதோடு அமையாமல் அதனைச் செய்தோர் யவனர் என்பதையும் கூறினார். கடல் கடந்து வந்த தொழிற்குலத்தாரின் பெயர் இல்லாது அவ்விளக்கு அவர் பாட்டில் நுழையவில்லை. தனியொருவர் பெயர் இல்லையாயினும் செய்தாரை நினைக்கும் முறைமை அங்கே உளது. இன்றைய கலைக்காட்சிகளின் அறிவிப்புப் பலகைகள் அவ்வளவேனும் செய்தல் வேண்டும். ‘நொகுச்சி, தாள், மூங்கில், மின்’ என எழுதி அமைவது போதாது. ‘கிபுத் தொழிலாளர்’ என்னும் சொல்லும் அவ்வரிசையில் நிற்றல் முறை.

அக்காரி புகழ்பெறப் பெறப் பொறியில் செய்த மலிவுத் தாளும் உலோகக் கம்பியும் கொண்ட போலி உருண்டைகள் உலகெங்கும் பரவின. தொலைவில் நோக்க இரண்டும் ஒன்றே. ஏற்றிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பொறித்தாள் எங்கும் ஒரே அளவாய் ஒளிவிடும். அங்கே நாரும் இல்லை, ஓரமும் இல்லை. போலியைக் காட்டிக் கொடுப்பதும் ஒளியே. இப்போலிகளால் வடிவத்தை மட்டும் கவர்ந்துகொள்ளலாம் என்பது புலனாகிறது. கவரமுடியாதது எஞ்சி நிற்கிறது. அது தொழிலாளியின் பங்கு.

8

நொகுச்சி பயன்படுத்திய இழைமின்விளக்குகள் இன்று பல நாடுகளில் வழக்கொழிந்து வருகின்றன. அவற்றின் இடத்தை ஒளியுமிழ் இருமுனையம் என்னும் எல்.இ.டி. பெற்றுள்ளது. இழைவிளக்கு மஞ்சள் கலந்த ஒளி தந்தது. புதிய விளக்கு நீலம் சார்ந்த வெண்மையும் தரும், மஞ்சள் வெம்மையும் தரும். நீலவெண்மையில் ஏற்றிய அக்காரி ஞாயிறும் திங்களும் நீங்கிய வெறுங்கூடு போல் தோன்றுகிறது. வெம்மையான நிறத்தைத் தேர்ந்தால் இழப்பு சிறிதே. தாளுக்கு வெப்பம் குறைதலும் ஒரு நலமே. மெழுகுதிரி போயும் விளக்கு இருந்தது; இழைவிளக்கு போயும் இருக்கிறது. நாளை வேறொன்று வரலாம்.

எனவே இவ்வகைக் கலையில் விரைந்து மாறுவது தொழில்நுட்பம், நிலைப்பது கைவினை. புதிய கருவியை வாங்குதல் ஒரு நாளில் இயலும். சிம்பு சீவும் விரலையும் தாள் படியும் அளவறியும் கண்ணையும் வாங்க இயலாது. ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து ஆண்டுகள் பல கழிந்தே அவை கைவரும். கிபு நகரத் தலைவர் 1951-இல் வேண்டியது சிற்பம் அன்று. தொழில் பிழைக்க ஒரு வழி. நொகுச்சி வழியையும் தந்தார், சிற்பத்தையும் தந்தார். அவ்வழியில் இன்றும் நடந்துவருவோரையும் சேர்த்து நோக்கும்போதே ‘சிற்பம் என்றால் என்ன?’ என்ற அவரது வினாவிற்கு விடை முழுமை பெறும் என்பது எம் முடிபு.